எச்.ஐ.வி. நோயாளிகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு: டாலா உணர்த்துவது என்ன?

மியன்மாரின் யாங்கூன் நகர மையத்திலுள்ள பான்சோடான் படகுத்துறையிலிருந்து சில நிமிடங்களில் ஆற்றைக் கடந்து டாலாவை அடைந்துவிடலாம். ஆனால் வருமானத்திலும் குடிநீர் வசதியிலும் இவ்விரு கரைகளுக்கும் இடையேயான தூரம் அதிகம். டாலாவாசிகளில் பலர் கூலி வேலைக்காக அன்றாடம் அக்கரைக்குச் செல்பவர்கள். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரை ஊட்டச்சத்துக் குறைபாடு ஏன் எளிதில் பற்றிக்கொள்கிறது என்பதை இத்தகைய இடத்தில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

இத்தொற்று உடலின் சக்தித் தேவையை உயர்த்துகிறது. அறிகுறிகள் தோன்றாத நிலையில் சுமார் 10 சதவீதமும், தோன்றிய பின்னர் 20 முதல் 30 சதவீதமும் கூடுதல் சக்தி தேவை என்று 2003 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கணித்தது. எடை குறைந்துவரும் குழந்தைகளுக்கு இது 50 முதல் 100 சதவீதம். தேவை கூடும் அதே வேளையில் வாய்ப்புண்ணும் பசியின்மையும் உண்பதைக் குறைக்கின்றன; வயிற்றுப்போக்கோ உண்டதையும் உடலில் தங்கவிடுவதில்லை. கோடையில் பலர் குளத்து நீரை நம்பியிருக்கும் டாலாவில் இந்த அபாயம் சிறியதல்ல. காசநோயும் சேர்ந்துகொண்டால் உடல் மேலும் விரைவாக மெலிகிறது. காசநோய்ச் சுமை மிகுந்த 30 நாடுகளில் மியன்மாரும் ஒன்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணி தாமதம். நோய் எதிர்ப்புச் சக்தி சரிந்து, உடல் மெலிந்த பிறகு சிகிச்சை தொடங்குவோரிடையே முதல் சில மாதங்களில் மரணம் அதிகம். மியன்மாரில் இத்தாமதத்துக்கு நோயாளிகள் மட்டும் பொறுப்பல்ல. இராணுவ ஆட்சி விதித்த கட்டுப்பாடுகளைக் காரணம் காட்டி, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலக நிதியம் 2005 இல் அங்கிருந்து விலகியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2008 இல், மருந்து கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் மடிவதாக எச்சரித்தது.

மருந்து வந்த பின்னரும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. உடல் தேறத் தொடங்கியதும் பசி திரும்புகிறது. வீட்டில் உணவில்லை என்றால் அந்தப் பசிக்கு அஞ்சியே மாத்திரையை நிறுத்துவோர் உண்டு என்பதை ஆபிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் கூலியும் போய்விடுகிறது. அந்த இழப்பை வீட்டார் பெரும்பாலும் உணவில்தான் சரிக்கட்டுகின்றனர்.

தமிழ்நாட்டு அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986 இல், சென்னையில். அங்கு தாம்பரம் அரசு மருத்துவமனையில் 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. நியாயவிலைக் கடை அரிசி 2011 முதல் இலவசமாகவே வழங்கப்படுகிறது. அது எச்.ஐ.வி. நோயாளிகளை மனதில் வைத்து வகுக்கப்பட்ட திட்டமல்ல. அரிசி மட்டும் புரதத் தேவையை ஈடுசெய்யாது என்பதும் உண்மை. எனினும், நோயைச் சொல்லி யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்பது அதன் தனிச்சிறப்பு.

டாலாவில் அத்தகைய ஏற்பாடு இல்லை. 2021 பெப்ரவரி இராணுவப் புரட்சியைத் தொடர்ந்து ஏராளமான அரச மருத்துவர்களும் தாதியரும் பணியைப் புறக்கணித்தனர். நாணய மதிப்புச் சரிந்து அரிசி, எண்ணெய் விலைகள் ஏறின. மியன்மாரில் எச்.ஐ.வி., காசநோய் நோயாளிகளுக்கும் உணவு உதவி அளித்துவந்த உலக உணவுத் திட்டம், நிதிப் பற்றாக்குறையால் 2025 ஏப்ரல் முதல் அந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோருக்கான உதவி நிறுத்தப்படும் என அறிவித்தது.