இன்வெர்ட்டருக்குக் கூடுதல் வாரண்டி: கட்டலாமா, விடலாமா?

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கடன் வாங்க வந்தவர்களிடம் "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிச் சொல்லியே காலம் போனது. அப்படிப்பட்ட நானே என் வீட்டு சோலார் இன்வெர்ட்டரின் வாரண்டிச் சீட்டைப் படிக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். 2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்த பிறகுதான் அதை வெளியே எடுத்தேன்.

மாடியில் பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாழ்வாரச் சுவரில் இரண்டடி உயரத்தில் மாட்டியிருந்த இன்வெர்ட்டர் ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. வாங்கி இரண்டரை வருஷம்தான், வாரண்டியோ ஐந்து வருஷம். கம்பெனிக்கு எழுதினேன். வெள்ளத்தால் வந்த பழுதுக்கு வாரண்டி செல்லாது என்று பதில் வந்தது. சீட்டைப் புரட்டினால் அது தெளிவாகவே அச்சாகி இருக்கிறது. யாரைக் குறை சொல்ல?

அடுத்த வருஷம் புதுசு வாங்கினேன். 3 கிலோவாட், 30,000 ரூபாய். மாட்ட வந்த தம்பி, "காக்கா, இன்னும் 7,500 கட்டுனீங்கன்னா அஞ்சு வருஷ வாரண்டி பத்தாயிடும்" என்றார். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் நம் வாசகர்கள் பலரும் கூரையில் சோலார் போடுகிறார்கள். எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். நான் யோசித்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பணத்தை இன்று கட்டுகிறோம், பலன் ஆறாம் வருஷத்தில் இருந்துதான். அதுவரை கம்பெனியின் சாதாரண வாரண்டியே இருக்கிறது. அந்த 7,500-ஐ 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டால் எட்டாம் வருஷம் 12,900 ரூபாய் ஆகும். அன்றைக்குப் புது இன்வெர்ட்டரும் இதே 30,000 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆறிலிருந்து பத்தாம் வருஷத்துக்குள் நூறு இன்வெர்ட்டரில் 43 கெட்டுப்போனால்தான் நாம் கட்டிய பணத்துக்குச் சரியாகும். அதுவும் வாரண்டி ஒத்துக்கொள்கிற காரணத்தால் கெட வேண்டும். இந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது.

நம்ம கடற்கரையில் இன்வெர்ட்டர் எதனால் சாகிறது? ஒன்று சூடு. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இதனால் பழுதானால் வாரண்டி வரும். இரண்டாவது உப்பு. கொண்டல் வீசும் நாட்களில் சன்னல் கம்பியை நக்கிப் பார்த்தாலே கரிக்கும். அதே உப்பு ஈரம் விசிறியிலும் வயர் முனையிலும் படிந்து அரிக்கிறது. பெட்டியில் ஐ.பி. 65 என்று போட்டிருப்பது தூசிக்கும் பீய்ச்சும் தண்ணீருக்கும் மட்டுமே, உப்பு அரிப்புக்கு அது உத்தரவாதம் இல்லை. கடலில் இருந்து 500 மீட்டருக்குள் வெளியில் மாட்டக் கூடாது என்று சில கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. மீறி மாட்டினால் வாரண்டி போச்சு. மூன்றாவது இடியும் மின்அழுத்த ஏற்றமும், நான்காவது வெள்ளம். இந்த இரண்டையும் பெரும்பாலான சீட்டுகள் விலக்கி வைக்கின்றன. ஆக, இங்கே இன்வெர்ட்டரைக் கொல்லுகிற நாலில் மூன்றுக்குக் கூடுதல் வாரண்டியால் பிரயோஜனம் இல்லை. வருஷத்தைத்தான் நீட்டுகிறார்கள், நிபந்தனையை நீட்டுவதில்லை.

இன்னொன்று, எழுதிக் கொடுப்பது யார் என்று பாருங்கள். இன்வெர்ட்டர் தயாரித்த கம்பெனி சீரியல் நம்பரைப் பதிவு செய்து தருவது வேறு, மாட்டிக் கொடுத்த கடைக்காரர் லெட்டர்பேடில் தருவது வேறு. எட்டு வருஷம் கழித்து அந்தக் கடை இருக்குமா? கடன் கொடுத்துப் பழகியவனுக்கு இந்தச் சந்தேகம் தானாக வந்துவிடும். மானியத் திட்டத்தில் போட்டவர்களுக்கு முதல் ஐந்து வருஷப் பராமரிப்பு விற்பனையாளரின் பொறுப்பு. அதையே "கூடுதல்" என்று சொல்லித் திரும்ப விற்றால் ஏமாறாதீர்கள்.

அவசரமும் வேண்டாம். மாட்டிய அன்றைக்கே கட்டணும் என்பார்கள். பல கம்பெனிகள் ஒன்றிரண்டு வருஷம் வரை நேரடியாகவே அவகாசம் தருகின்றன. இந்த மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வையுங்கள்: உப்பு அரிப்பு சேருமா, லாரி வாடகையும் ஆள் கூலியும் யார் தலையில், மாற்று இன்வெர்ட்டர் வரும்வரை எத்தனை நாள். 3 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். ஒரு மாசம் நின்றால் 360 யூனிட் நஷ்டம், அதை யாரும் தர மாட்டார்கள்.

உள்நாட்டில் இருப்பவர், பேட்டரியோடு 80,000, 90,000 போட்டு ஹைபிரிட் வாங்குபவர், தயாரித்த கம்பெனியே விலையில் பத்தில் ஒரு பங்குக்குத் தருகிறது என்றால் வாங்கட்டும், நான் தடுக்க மாட்டேன்.

நான் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு மின்அழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் எஸ்.பி.டி. மாட்டி, எர்த் கம்பியைப் புதுசாக இறக்கினேன். இன்வெர்ட்டரை 2023-ல் சுவரில் பதிந்த தண்ணீர்க் கோட்டுக்கு மேல், வீட்டுக்குள், காற்றோட்டமான மாடிப்படித் திருப்பத்துக்கு ஏற்றிவிட்டேன். வெள்ளத்துக்கும் இடிக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீடு எடுத்து, பாலிசியில் சோலாரையும் பெயர் சொல்லி எழுத வைத்தேன். மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் டெபாசிட்டில் கிடக்கிறது, வருஷா வருஷம் கொஞ்சம் சேர்த்து வருகிறேன். மாசம் ஒரு தடவை காய்ந்த துணியால் காற்றுத் துளைகளைத் துடைக்கிறேன். துணி எப்பவும் வெள்ளை பூத்துத்தான் வருகிறது.