உங்களுக்குத் தெரியுமா? போர்க்களத்துக்கு வண்டி அனுப்பிய ஆலைகள்

* இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி 1942 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதன்பின் டெட்ராய்ட் ஆலைகளிலிருந்து வந்தவை ராணுவ லாரிகள், டாங்கிகள், விமான எஞ்சின்கள்!

* ஜீப்பின் முதல் மாதிரியைச் செய்து தர ராணுவம் 1940-ல் கொடுத்த கெடு 49 நாள்தான். பாண்டம் என்ற சின்னக் கம்பெனி சாதித்துக் காட்டியது. பெரிய ஆர்டர்களோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் தயாரித்தன.

* ஜீப்பின் முகப்புக் கம்பித் தடுப்பை முதலில் இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்தே உருவாக்கினார்கள். ஃபோர்டு ஒரே தகட்டை அச்சில் அழுத்தி, ஒன்பது திறப்புகளோடு எடுத்தது. எடையும் செலவும் குறைய, வில்லிஸும் அதையே பின்பற்றியது.

* டாங்கிகளுக்கு எஞ்சின் போதவில்லை. கிரைஸ்லர் பொறியாளர்கள் ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்தார்கள். மொத்தம் 30 சிலிண்டர்! ஆயிரக்கணக்கான ஷெர்மன் டாங்கிகள் அதில்தான் ஓடின.

* 1941-ல் ஜெர்மன் படை நெருங்கியதும், கார்கிவ் நகர டாங்கி ஆலையையே பெயர்த்து ரயிலேற்றி, யூரல் பகுதியின் நிஷ்னி தாகிலுக்குக் கொண்டுபோனது சோவியத் அரசு. அந்த டிசம்பரிலேயே டி-34 டாங்கிகள் அங்கிருந்து வெளிவரத் தொடங்கின. ஆண்கள் போர்முனைக்குப் போனதால், பெண்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் இயந்திரங்களை இயக்கினார்கள்.

* எதிரிகளை நடுங்கவைத்த ஜெர்மனியின் முதல் டைகர் டாங்கி ரகத்தில் உருவானவை சுமார் 1,350 மட்டுமே. ஷெர்மன் டாங்கிகளோ 49,000-ஐத் தொட்டன.

* இந்தியாவும் கவச வண்டிகள் செய்தது. கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு சேஸிஸ்மீது, ஜாம்ஷெட்பூர் டாடா ஆலையின் கவசத் தகடுகளைப் பொருத்தினார்கள். 'டாடாநகர்' என்று அழைக்கப்பட்ட இவை 4,600-க்கும் மேல் தயாராயின.

* ஜெர்மன் ராணுவத்துக்காக ஃபோக்ஸ்வாகன் ஆலை சுமார் 50,000 கியூபெல்வாகன் வண்டிகளைத் தயாரித்தது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் வதைமுகாம்களிலிருந்தும் இழுத்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள். வண்டிக் கணக்கைச் சொல்லும்போது இவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதுதான் முழு வரலாறு.