இந்தியாவின் இயற்கை எரிவாயு இறக்குமதி

இந்தியா தனக்குத் தேவையான இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதியை வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. யூரியா உரம், நகர எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றுக்கு அது பயன்படுகிறது. ஒரே நாட்டையோ ஒரே வழியையோ நம்பியிராமல் பல இடங்களிலிருந்து வாங்குவது வழங்கல் பல்வகைப்படுத்தல் எனப்படும்.

குழாயும் கப்பலும்

ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாகக் குழாய் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகள் பேசப்பட்டும் நிறைவேறவில்லை. துருக்மெனிஸ்தான் எரிவாயுவை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கொண்டுவர 2010இல் ஒப்பந்தம் ஆனது. அதுவும் இந்தியாவை எட்டவில்லை. வழியிலுள்ள நாடுகளின் அரசியலும் பாதுகாப்பும் பெருந்தடைகளாயின. எனவே இந்தியாவுக்கு வரும் எரிவாயு கப்பலிலேயே வருகிறது. சுமார் மைனஸ் 162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் எரிவாயு திரவமாகி, அதன் கன அளவு ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். இதுவே எல்.என்.ஜி.

விற்கும் நாடுகள்

குஜராத்தின் தஹேஜ் முனையத்துக்கு 2004 முதல் கத்தார் எரிவாயு வருகிறது. ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்கும் ஒப்பந்தம் 2024 பிப்ரவரியில் 2048 வரை நீட்டிக்கப்பட்டது. கத்தார் கப்பல்கள் ஹோர்முஸ் நீரிணையைக் கடந்தே வரவேண்டும். அங்கே பதற்றம் எழுந்தால் வரத்துக்கு ஆபத்து. ஆகவே ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ரஷ்யா ஆகிய நாடுகளுடனும் நீண்டகால ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. 2018இல் அமெரிக்க, ரஷ்ய ஒப்பந்தங்களின்படி கப்பல்கள் வரத் தொடங்கின.

2022 தந்த பாடம்

உக்ரைன் போருக்குப் பின் ரஷ்யக் குழாய் எரிவாயு குறைந்ததால், ஐரோப்பிய நாடுகள் அதிக விலை கொடுத்துக் கப்பல் எரிவாயுவை வாங்கின. விலை கட்டுப்படியாகாத வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதை நிறுத்தியது. அங்கே மின்வெட்டு ஏற்பட்டது. இந்தியாவின் கெயில் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டன் தரவேண்டிய ஒப்பந்தம், ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனத்தின் ஜெர்மன் கிளையைச் சார்ந்த சிங்கப்பூர் நிறுவனத்திடம் இருந்தது. ஜெர்மன் அரசு அக்கிளையைத் தன் பொறுப்பில் எடுத்தது. ரஷ்யா அதன்மீது தடை விதித்தது. இந்தியாவுக்கான கப்பல்கள் நின்றன. உர ஆலைகளுக்குத் தரும் எரிவாயுவைக் கெயில் குறைக்க நேர்ந்தது. பின்னர் அனுப்புதல் மீண்டும் தொடங்கியது. இழப்பீட்டு வழக்கு 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமரசமானது.

தமிழ்நாடு

கிழக்குக் கடற்கரையின் முதல் எல்.என்.ஜி. முனையம் எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் 2019இல் திறக்கப்பட்டது. அதன் திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன். நாப்தாவைப் பயன்படுத்திவந்த மணலி உர ஆலை அதே ஆண்டில் எரிவாயுவுக்கு மாறியது. தொலைவிலுள்ள நீரிணையும் போரும் நம் வயலுக்கு வரும் யூரியாவைத் தொடுவது இவ்வாறுதான். எனவே விற்கும் நாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது. கப்பல் வரும் வழி, ஒப்பந்தம் எவர் கையில் உள்ளது, தவறினால் கிடைக்கும் இழப்பீடு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.