தீவு தேசத்துப் பெண்கள் – 9: நாட்காட்டியைத் தாண்டியவள்

கடல் கடந்து வேலைக்குப் போகும் பிலிப்பினோப் பெண்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் அந்தப் பெண்களை வாசலிலேயே எதிர்கொள்ளும் ஒரு கேள்வியைப் பற்றி இந்த வாரம்.

பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை. 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்ததும் குடும்பம் மொத்தமும் ஒரே வீட்டில் கூடிச் சாப்பிடும். நோச்சே புவேனா என்று அந்த விருந்துக்குப் பெயர். சின்னவர்கள் பெரியவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றி ஆசி வாங்குவார்கள். ஆசி கொடுத்த கையை எடுப்பதற்குள் அத்தையோ சித்தியோ கேட்டுவிடுவார்: "உனக்கு எப்பம்மா கல்யாணம்?"

இருபத்தைந்து வயதுக்காரி என்றால் கேள்வி சிரிப்போடு போய்விடும். முப்பதை நெருங்கினால் குரல் மாறும். "வண்டி போயிடும், பார்த்துக்கோ" என்பார்கள். முப்பத்தொன்றைக் கடந்தவளுக்கு "நாட்காட்டியைத் தாண்டியவள்" என்றே பெயர். எந்த மாதத்துக்கும் முப்பத்தொரு நாளுக்கு மேல் இல்லை அல்லவா! "வயசான காலத்துல உன்னை யார் பார்த்துக்குவா?" என்பார் ஒருவர். "இவ்வளவு அழகும் படிப்பும் வீணாப் போகுதே" என்பார் இன்னொருவர். கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அன்போடுதான் கேட்கிறார்கள். அதனாலேயே அந்தப் பெண்ணால் முகத்தை முறித்துக்கொண்டு பதில் சொல்ல முடிவதில்லை.

சமையலறை நம்பிக்கைகளும் அவளையே குறிவைக்கின்றன. கல்யாணமாகாத பெண் அடுப்பங்கரையில் பாடக் கூடாது. பாடினால் கிழவனுக்குத்தான் வாழ்க்கைப்படுவாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் முன் மேசையை ஒழித்தால் அவளுக்குக் கல்யாணமே நடக்காது. உடன்பிறந்தவர்கள் இருவர் ஒரே ஆண்டில் மணம் செய்தால் ஆகாது என்ற நம்பிக்கைக்கு 'சுகோப்' என்று பெயர். தங்கை முந்திக்கொண்டால் அக்காவுக்குப் பரிசு கொடுத்துத் தோஷம் கழிக்கும் வழக்கமும் உண்டு. தங்கையின் கல்யாணப் பந்தியில், ஊர் பார்க்க அந்தப் பரிசை வாங்கிக்கொள்ளும் அக்காவின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் இதில் ஒரு விசித்திரம் செய்கிறது. 18 வயதில் மணம் செய்யலாம். ஆனால் 21 வயது வரை பெற்றோரின் சம்மதம் கட்டாயம். 21 முதல் 25 வரை அவர்களின் ஆலோசனையையாவது பெற வேண்டும். அது கிடைக்காவிட்டால் திருமண உரிமம் மூன்று மாதம் தள்ளிப்போகும். ஆக, 25 வரை அவள் தானாக முடிவெடுக்கத் தகுதியற்றவள் என்று சட்டம் கருதுகிறது. 31-க்கு மேல் அவளுக்குக் காலம் கடந்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. ஒரு பெண் தன் ஆயுளுக்கான துணையைத் தேட இந்தச் சமூகம் விட்டுவைத்திருக்கும் காலம் ஆறே ஆண்டுகள்.

இந்த அவசரம் எப்போதும் இருந்ததில்லை. ஸ்பானிய அதிகாரி அந்தோனியோ தெ மோர்கா 1609-இல் வெளியிட்ட நூல், அந்தத் தீவுகளின் பழைய வழக்கங்களை விவரிக்கிறது. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குச் சீர் கொடுத்தார்கள். ஒத்துவராத தம்பதியர் உறவினர், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பிரிந்துகொள்ள முடிந்தது. கணவன் மீது தவறென்றால் அவன் கொடுத்த சீர் மனைவியிடமே தங்கியது. ஸ்பானியர் கொண்டுவந்த கத்தோலிக்கத் திருச்சபை அந்த வாசலை அடைத்தது. பெண்ணுக்கு மிஞ்சியவை இரண்டு: கணவன் வீடு அல்லது கன்னிமாடம்.

கன்னிமாடமும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. மணிலாவின் சாந்தா கிளாரா மடம் ஸ்பானியப் பெண்களுக்கானது. 1684-இல் பினோந்தோவைச் சேர்ந்த இக்னாசியா என்ற 21 வயதுப் பெண்ணுக்குப் பெற்றோர் கல்யாணம் பேசினார்கள். தந்தை சீனர், தாய் உள்ளூர்க்காரர். அவர் மணம் வேண்டாமென்று ஊசியும் கத்தரிக்கோலும் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார். தைத்துப் பிழைத்தார். அவரைத் தேடி வேறு பெண்களும் வந்து சேர, உள்ளூர்ப் பெண்களுக்கென ஓர் இல்லம் உருவானது. இன்றும் பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்திவரும் கன்னியர் சபை அதிலிருந்து வளர்ந்ததுதான். 2007-இல் திருச்சபை அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தது. மணம் மறுத்த மகளை வீடு அன்று ஏற்கவில்லை. அவளைக் கொண்டாட நாட்டுக்கு மூன்று நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

தேசத்தின் மூல நாவல் என்றே போற்றப்படும் ஹொசே ரிஸாலின் 'நோலி மே தாங்ஹெரே' 1887-இல் வந்தது. பல தலைமுறைகளுக்குப் பெண்மையின் இலக்கணமாகக் காட்டப்பட்ட மரியா கிளாரா அதன் நாயகி. அவளுடைய தாய் பிள்ளை வரம் கேட்டு ஓபாந்தோ ஊரில் ஆடியவள். காதலன் இறந்துவிட்டான் என்று நம்பும் மரியா கிளாரா, தனக்குப் பேசிய மாப்பிள்ளையை மறுக்கிறாள். மடமா, மரணமா என்று கேட்டு மடத்துக்குள் போகிறாள். தனியாக வாழ்வது என்ற வழி அந்தக் கதையில் அவளுக்கு இல்லவே இல்லை. புலாக்கான் மாகாணத்து ஓபாந்தோவில் மே 17, 18, 19 தேதிகளில் இன்றும் துணை வேண்டியும் பிள்ளை வேண்டியும் விளைச்சல் வேண்டியும் தெருவில் ஆடுகிறார்கள்.

இனி, அத்தைகள் சொல்லாத செய்திக்கு வருவோம். வத்திக்கானை விட்டுவிட்டால், உலகில் விவாகரத்துச் சட்டம் இல்லாத ஒரே நாடு பிலிப்பைன்ஸ். அமெரிக்கர் ஆட்சியில் 1917-இல் ஒரு சட்டம் வந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அது விரிவானது. 1950-இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம் அதை அடியோடு நீக்கிவிட்டது. இஸ்லாமியருக்கு மட்டும் 1977 முதல் தனிச் சட்டத்தின் கீழ் மணவிலக்கு உண்டு. மற்றவர்கள் தங்கள் திருமணம் செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்கு லட்சக்கணக்கில் பெசோ செலவாகும், ஆண்டுகள் ஓடும். வீட்டு வேலை செய்பவளுக்கும் மீனவன் மனைவிக்கும் அந்தக் கதவு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

குற்றவியல் சட்டம் இன்னும் கடுமை. மணமான பெண் வேறொருவரோடு ஒருமுறை கூடினாலே குற்றம். ஆண் தண்டிக்கப்பட வேண்டுமென்றால் அவன் இன்னொருத்தியை மனைவியின் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும், அல்லது வேறிடத்தில் அவளோடு குடித்தனம் நடத்த வேண்டும், அல்லது ஊரறிய அவமானம் நேரும்படி நடக்க வேண்டும். 2024 மே மாதம் கீழவை விவாகரத்து மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறாமலே அந்த நாடாளுமன்றத்தின் காலம் 2025-இல் முடிந்துபோனது.

திரும்பி வர வழியில்லாத இடத்துக்குள் கால் வைக்கும் முன் ஒரு பெண் நின்று யோசிப்பதைக் குறை என்று எப்படிச் சொல்வது? அடி வாங்கியும் வெளியேற முடியாத அக்காவை, கணவன் ஓடிப்போன பிறகும் காகிதத்தில் மனைவியாகவே இருக்கும் தோழியைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அவளுடைய தயக்கம் அறிவிலிருந்து வருவது.

தயங்க நேரமும் வசதியும் கிடைக்காத பெண்களும் உண்டு. மூத்த மகளை 'ஆத்தெ' என்பார்கள், நம் அக்கா. தம்பியின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் மருந்து, வீட்டுக் கூரை எல்லாம் அவள் தலையில். 2021 கணக்குப்படி வெளிநாட்டில் வேலை பார்த்த 18 லட்சத்துக்கும் அதிகமான பிலிப்பினோக்களில் பத்தில் ஆறு பேர் பெண்கள். "தம்பி படிப்பு முடியட்டும்" என்று குடும்பம் அவளை நிறுத்திவைக்கிறது. தம்பி படித்து, மணம் முடித்துப் போன பிறகு "ஏன் இன்னும் தனியா இருக்கே?" என்று அதே குடும்பம் கேட்கிறது. அவள் தன் இளமையைக் கொடுத்ததில்தான் அந்த வீடு நிமிர்ந்தது. பிள்ளைகுட்டி இல்லாதவள்தானே என்று கிறிஸ்துமஸ் பணமும் அண்ணன், தம்பி பிள்ளைகளுக்கு அவள்தான் அதிகமாகத் தர வேண்டும். வயதான பெற்றோரையும் அவள்தான் பார்க்க வேண்டும். "உன்னை யார் பார்த்துக்குவா?" என்ற கேள்வி, எல்லாரையும் பார்த்துக்கொள்கிறவளிடமே கேட்கப்படுகிறது.

நாடு வாய்மொழியை விட வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2017-இல் 2.7 பிள்ளைகள், 2022-இல் 1.9. பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் மணமாகாத தாய்மாருடையவை. திருமணப் பதிவு இல்லாமல் சேர்ந்து வாழும் பெண்களின் விகிதம் 1990-களின் தொடக்கத்தை விட மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆண்களுக்கு இணையாகவும் மேலாகவும் படிக்கும் பெண்களின் நாடு அது. 1986-இலும் 2001-இலும் பெண்களை அதிபராக்கிய நாடு. இருந்தும் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வேலைச் சந்தைக்கு வெளியே இருக்கிறார்கள். வீட்டுப் பொறுப்பு அதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. கல்யாணம் என்றதும் ஒரு செவிலியோ கணக்காளரோ தன் சம்பளத்தையும் நினைத்துப் பார்க்கத்தானே செய்வார்?

மணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரும்பிச் செய்கிறவர்கள் நன்றாக வாழட்டும். விரும்பாதவளும், இன்னும் விரும்பாதவளும், விரும்பியும் அமையாதவளும் குறைபட்டவர்கள் அல்லர் என்பதே சொல்ல வந்தது. வெளியேறும் உரிமையைத் தராத ஒரு சமூகத்துக்கு, உள்ளே வரச்சொல்லி அவசரப்படுத்தும் உரிமையும் கிடையாது.

வளைகுடா மருத்துவமனைகளில், சிங்கப்பூர் வீடுகளில், கப்பல்களில் பிலிப்பினோப் பெண்களோடு பழகும் தமிழர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரிடம் "இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று கேட்க வாய் வந்தால், தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை அவர் தன் வீட்டிலேயே போதுமான அளவு கேட்டிருக்கிறார். அவருடைய வேலையைப் பற்றி, ஊரைப் பற்றி, அவர் படிக்க வைத்த தம்பியைப் பற்றிக் கேளுங்கள்.

(தொடரும்)