நரம்பு முனையில் நடக்கும் பாக்கிங் வேலை!

சிவகாசியில் பட்டாசு செய்யும் விதம் எல்லோரும் அறிந்ததே. காகிதக் குழாயில் வெடிமருந்தை அளந்து அடைக்கிறார்கள். திரி வைக்கிறார்கள். திரியில் தீ வந்து சேரும் வரை மருந்து உள்ளே காத்திருக்கும்.

மனித உடலுக்குள்ளும் இப்படி ஒரு வேலை இரவு பகலாக நடக்கிறது!

"கையைத் தூக்கு" என்று மூளை கட்டளை இடுகிறது. கட்டளை மின்சாரமாக நரம்பு வழியே ஓடி வருகிறது. ஆனால், நரம்புக்கும் தசைக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. மின்சாரம் அதைத் தாண்டாது. அங்கே தூது போவது "அசிட்டைல்கோலின்" என்ற ரசாயனம்.

சின்னஞ்சிறு பைகள்

இந்த ரசாயனத்தை நரம்பு முனை சின்னஞ்சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கிறது. ஒரு மில்லி மீட்டர் நீளத்தில் சுமார் 20 ஆயிரம் பைகளை வரிசையாக வைக்கலாம்!

மின்சாரம் வந்ததும் கால்சியம் என்ற சுண்ணாம்புச் சத்து நரம்பு முனைக்குள் பாய்கிறது. உடனே பைகள் ஓரத்துச் சுவரோடு ஒட்டி வாய் திறக்கின்றன. ரசாயனம் கொட்டுகிறது. தசை சுருங்குகிறது. கை உயருகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள்!

வெடித்த பட்டாசின் காகிதம் குப்பைக்குத்தான் போகும். நரம்போ காலிப் பையைத் திரும்ப இழுத்து, மறுபடியும் நிரப்பிக் கொள்கிறது.

ரசாயனம் இப்படிப் பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்பதை 1950-களில் லண்டனில் கண்டறிந்தார்கள், விஞ்ஞானி பெர்னார்டு கட்ஸும் அவருடைய தோழர்களும். கட்ஸ் 1970-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

பைகள் காலியானால்?

தமிழகக் கிராமங்களில் இரவில் நடமாடும் கட்டுவிரியன் பாம்பின் விஷம் இந்தப் பைகளைத்தான் தாக்குகிறது. பைகள் காலியாகின்றன, மீண்டும் நிரம்புவதில்லை. மூளையின் கட்டளை வரும். கொட்டுவதற்குச் சரக்கு இராது!

தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை இது கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது. வீக்கமும் இராது. விடியும்போது வயிறு வலிக்கலாம். பிறகு கண் இமைகள் சரியும். பேச்சுக் குழறும். கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுவிடும்.

விஷமுறிவு மருந்து ரத்தத்தில் உள்ள விஷத்தை முறிக்கும். ஆனால், சேதமான நரம்பு முனையை அது சரிசெய்யாது. ஆகவே மந்திரிப்பதிலும், கீறிப் பார்ப்பதிலும் நேரத்தைப் போக்கக்கூடாது. உடனே 108-ஐ அழைத்து, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே இயந்திரத்தின் மூலம் மூச்சுக் கொடுப்பார்கள். சில நாட்களிலோ, வாரங்களிலோ நரம்பு முனை புதிதாக வளரும். பைகள் மீண்டும் நிரம்பும். அசைவில்லாமல் கிடப்பவருக்கு நினைவு இருக்கலாம், காது கேட்கலாம். ஆகவே யாரும் நம்பிக்கையை விட்டுவிடக் கூடாது.

தரையில் படுப்பவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக் கொண்டால் பாம்புக்கும் அது நல்ல தடுப்பு!