பெயரும் ஒரு சொத்து



சொத்து என்றால் நம் நினைவுக்கு வருபவை வீடு, நிலம், நகை, ஊழியர் சேமநிதியில் உள்ள பணம். இவை கணக்கில் காட்டக்கூடியவை. கையால் தொட முடியாத சொத்து ஒன்றும் உண்டு. அதைப்பற்றி இன்று சிந்திப்போம்.

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களுக்கு வந்த நம் குடும்பங்களில் சிலர் முறுக்கு சுட்டு விற்கிறார்கள்; சிலர் மசாலைத் தூள் அரைக்கிறார்கள்; சிலர் உணவுக்கடை நடத்துகிறார்கள். வாங்குகிறவர் பெயர் சொல்லிக் கேட்கும் அளவுக்கு ஒரு சரக்கு வளர்ந்துவிட்டால், அந்தப் பெயரே முதலாகிவிடுகிறது. இதைத்தான் அறிவுசார் சொத்து என்கிறோம்.

இந்தச் சொத்துக்காக நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் ஒரு தமிழ்த் தம்பதியர் 1999ஆம் ஆண்டில் 'மெக்கறி' என்ற உணவகத்தைத் திறந்தனர். 'மலேசியன் சிக்கன் கறி' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர் என்றனர். உலகமெங்கும் கடைகளை உடைய மெக்டோனல்ட்ஸ் நிறுவனம், 'மெக்' என்ற முன்னொட்டு தன்னுடையது என்று 2001இல் வழக்குத் தொடுத்தது. 2006இல் உயர் நீதிமன்றம் பெரிய நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. கடைக்காரர்கள் சோர்ந்துவிடவில்லை. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டோனல்ட்ஸின் மனுவைத் தள்ளி, செலவுத் தொகையாக 10,000 வெள்ளி கொடுக்கச் சொன்னது.

சிறிய கடை எப்படி வென்றது? வாடிக்கையாளர் ஏமாறுகிறாரா என்பதே கேள்வி. மெக்கறியின் பலகையில் சிரிக்கும் கோழி இருந்தது. மற்றதில் பொன்னிற வளைவு. இங்கே விற்றது கறியும் சோறும். அங்கே விற்பது ரொட்டியும் இறைச்சியும். இங்கே பரிமாறிய பண்டம் எதற்கும் 'மெக்' என்று பெயர் வைக்கவில்லை. ஆகவே ஒன்றை மற்றொன்று என்று எவரும் மயங்க இடமில்லை என்று முடிவாயிற்று.

வெற்றி கிடைத்தது, ஆனால் எட்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு சிறு குடும்பத்துக்கு எட்டு ஆண்டு வழக்கு என்றால் எவ்வளவு கவலை! ஆகையால் முன்கூட்டியே செய்ய வேண்டியவற்றை அறிந்து கொள்வோம்.

எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிந்துவிட்டோம், பெயர் நமக்கே சொந்தம் என்று பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. அப்பதிவு வியாபாரம் நடத்துவதற்கு. பெயரையும் சின்னத்தையும் நம்முடையதாக்குவது வணிகச் சின்னப் பதிவு. இதற்கு மைஐபிஓ என்னும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பெயர் வைக்குமுன் அதே பெயரோ அதைப்போன்ற பெயரோ பதிவாகியிருக்கிறதா என்று தேடிப்பார்ப்பது நல்லது. 'மிளகாய்த்தூள்' போன்ற பொதுப்பெயரை எவரும் தமக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. தனித்தன்மையுள்ள பெயரையே தேர்ந்தெடுங்கள். பழைய பில், பொட்டலத்தின் உறை, தேதியுள்ள படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கென்று வந்தால் அவையே சாட்சி.

சமையல் பக்குவத்துக்கு வேறு வழி. பக்குவத்தை எழுதிய எழுத்துக்குத்தான் சட்டப் பாதுகாப்பு. சமைக்கும் முறைக்கு இல்லை. ஆகவே அதை இரகசியமாக வைத்துக்கொள்வதே காவல்.

நம் பிள்ளைகள் பாட்டு எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்திலோ வேறு வடிவிலோ பதிவான உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது, விண்ணப்பம் தேவையில்லை. படைத்தவர் ஆயுளுக்கும் அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எழுதச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்கே போய்விடும். ஆகையால் பணம் வாங்குமுன் காகிதத்தில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள்.

பிறர் சின்னத்தை நாம் ஒட்டி விற்பதும் குற்றமே என்பதை மறவாதீர்கள். உழைத்துச் சேர்த்த பொருளுக்குப் பூட்டுப் போடுகிறோம். உழைத்துச் சேர்த்த பெயருக்கும் ஒரு பூட்டுப் போடுவோம்.