பதினெட்டுப் பட்டடைகள்

கோலார் மண்ணில் தங்கம் தோண்டும் உரிமை, மைக்கேல் லவெல் என்ற முன்னாள் ராணுவ வீரருக்கு 1875இல் மைசூர் அரசிடமிருந்து கிடைத்தது. மறு ஆண்டு ஜெர்மனியின் பைராய்ட் நகரில் ரிச்சர்ட் வாக்னரின் 'நிபெலுங்கனின் மோதிரம்' ஆப்பெராவின் நான்கு பாகங்களும் சேர்ந்து முதன்முறையாக மேடையேறின. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் அந்த ஆப்பெராவின் முதல் பாகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆப்பெரா என்பது முழுக்கதையையும் பாடியே நடத்தும் நாடகம். நம் அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை முழு வாத்தியக் குழுவோடு மேடையில் நடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாக்னர் கதையில் ஆல்பெரிக் என்ற குள்ளன் காதலைத் துறந்து, ரைன் நதியின் தங்கத்தைக் கவர்கிறான். தன் இனத்தாரையே சுரங்க அடிமைகளாக்குகிறான். தலையில் மாயக்கவசம் அணிந்து மறைந்து நின்று சாட்டையை வீசுகிறான். எங்கிருந்து அடி விழும் என்று தொழிலாளிக்குத் தெரியாது. அந்தச் சுரங்கத்துக்கு இறங்கும் இசையில் 18 கொல்லர் பட்டடைகள் ஒலிக்க வேண்டுமென்று வாக்னர் எழுதிவைத்தார். 1958இல் இசை நடத்துநர் ஜார்ஜ் ஷோல்டி வியன்னாவில் இதை ஒலிப்பதிவு செய்தபோது, உண்மையான பட்டடைகளையே கொண்டுவந்து அடித்தார்கள்.

1990களின் இறுதியில் இந்த ஆப்பெராவை 'ரிங்' என்ற கணினி விளையாட்டாக்கியது ஆர்க்செல் ட்ரைப் நிறுவனம். ஷோல்டியின் பதிவுதான் பின்னணி. ஆடுபவர் ஆல்பெரிக்காகவும் பிறராகவும் மாறிப் புதிர்களை அவிழ்த்துக்கொண்டே போவார். துணிச்சலான முயற்சிதான். ஆனால் அடிப்படையிலேயே ஒரு முரண் இருக்கிறது. ஆப்பெராவில் நேரம் இசையமைப்பாளரின் கையில். விளையாட்டில் அது ஆடுபவரின் கையில். கதவுக்கு முன்னால் ஒருவர் பத்து நிமிடம் யோசித்து நின்றால், பதிவான இசை காத்திருக்காது.

இதற்கான தீர்வு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. 1991இல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய 'ஐமியூஸ்' மென்பொருள் 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டில் வேலை செய்தது. இசையைச் சிறு துண்டுகளாக வைத்துக்கொள்ளும். ஆடுபவர் நகரும்வரை ஒரு துண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும்; அவர் அறை மாறியதும், தாளம் அறுபடாத ஓர் இடம் பார்த்து அடுத்த துண்டுக்குத் தாவும். வாத்தியங்களைத் தனித்தனி அடுக்குகளாகப் பதிந்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவது இன்னொரு வழி.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. வேஷக்காரர் அடவை முடிக்கும்வரை பின்பாட்டு அதே அடியைப் பாடும். மத்தளம் அவர் காலைப் பார்த்தே வாசிக்கும். அந்தக் கூத்து செழித்த வடஆர்க்காட்டிலிருந்துதான் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் தங்கவயலுக்கு வேலை தேடிப் போயின. அவர்கள் இறங்கிய சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. பாறை கொதித்தது, அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்தும் சிதறியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

வாக்னரின் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒரு வரி பாட்டுகூட இல்லை. ஆல்பெரிக் மோதிரத்தை உயர்த்தும்போது அலறுவார்கள், அவ்வளவுதான். மேடையில் நாம் அவர்களை எட்ட நின்று பார்க்கிறோம். விளையாட்டிலோ அவர்களில் ஒருவராகவே இறங்க முடியும். 'ரிங்'கை யாராவது மறுபடி செய்தால், தங்கவயலில் வைத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. தொழிலாளர்களை இறக்கும் கேஜ் என்ற கூண்டு கீழே போகப் போக வாத்தியங்கள் ஒவ்வொன்றாக உதிரட்டும். அடித்தளத்தில் பட்டடை ஒலி மட்டும் மிஞ்சட்டும். கண்ணுக்குத் தெரியாத சாட்டை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை ஆடுபவர் காதால் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டும். அலறலுக்குப் பிறகு, அந்தத் தொழிலாளி பாடத் தொடங்கட்டும், வடஆர்க்காட்டுத் தமிழில்.